நூற்றிருபதுக்கு எண்பது

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நர்சிங் முதலாண்டு மாணவிகளுக்கான உடல் பரிசோதனைச் செய்முறைத் தேர்வு காலை பத்து மணிக்கு இனிதே தொடங்கியது; மனிதகுலம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

நோயாளியாகப் படுத்திருந்தவர் வார்டு ஆயா. நோயில்லாதவர் என்பதுதான் அவருடைய தகுதி.

மூன்று வருடங்களுக்கு முன் யாரோ அவருக்கு பிரஷர் பார்த்து நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதிவைத்தார்கள். அன்றிலிருந்து அதுதான் விடை. வருடாவருடம் ஜெராக்ஸ் எடுத்து, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைப்பார்கள். அவ்வளவு ரகசியம். சீனியர்கள் முதல்நாளே சொல்லிவிடுவார்கள்.

இருபத்தொன்பது பேர் பட்டையைச் சுற்றினார்கள். பம்பை அமுக்கினார்கள். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கச்சேரி கேட்பவர்கள் மாதிரி தலையாட்டினார்கள். விடையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முப்பதாவது மாணவி ஓர் அசடு. காது கொடுத்துக் கேட்டுவிட்டாள்.

இருநூறில் தட்டத் தொடங்கிய சத்தம் நூற்றிருபதில்தான் அடங்கியது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அதே.

பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

இருநூறுக்கு நூற்றிருபது, உடனே டாக்டர் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். தேர்வாளர் அம்மையார் உறையைப் பார்த்தார். ஆயாவைப் பார்க்கவில்லை.

"இருபத்தொன்பது பேருக்குக் கேக்காதது உனக்கு மட்டும் கேக்குதாக்கும்? ஒழுங்கா எழுது. இல்லேன்னா அடுத்த வருஷம் வா."

அவளுடையது இலவச இடம். தவறினால் அடுத்த வருடம் என்ற ஒன்றே கிடையாது.

ஆயா அவள் விரலைப் பிடித்து அழுத்தினார். "எழுது பாப்பா. காலையிலேர்ந்து லேசா தலைவலி, அவ்வளவுதான். மத்தபடி கல்லு மாதிரி இருக்கேன்."

எழுதினாள்.

ஆயா எழுந்து, சுவரை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்று, துடைப்பத்தோடு போனார்.

மாலையில் கல்லூரி வாசலை இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போலக் கடந்தார்கள். மூன்றாவது திருப்பம் தாண்டியதும் சேர்ந்து நடந்தார்கள். தினமும் அப்படித்தான். ஆயா மகள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்பது அம்மாவின் ஏற்பாடு.

டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"போடி. முப்பது பேர் பாத்து, எனக்கு ஒண்ணுமில்லேன்னு கையெழுத்தே போட்டாச்சு. அத்தனை பேரும் பொய்யா?"

முப்பதாவது கையெழுத்து அவளுடையது.