பாலின்ட் வீட்டு வாசல்

பன்றி வெட்டும் பருவத்தில்தான் சுகாதாரத் துறை நர்ஸ் எமெஷே திஸா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊருக்குப் போவாள். அங்கே இருக்கும் பாலின்டுக்குப் பன்றியின் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களை ஆயுசுக்கும் கண்காணிக்க வேண்டும் என்பது சட்டம். ரத்தம் எடுப்பாள், வழக்கமான கேள்விகளைக் கேட்பாள்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"யாருக்காவது ரத்தம் குடுத்தீங்களா?"

"என் ரத்தத்த எவன் வாங்குவான்?"

"பன்னிங்க பக்கம் போனீங்களா?"

"போகவே இல்ல."

'இல்லை' என்று எழுதினாள்.

பக்கத்து வீட்டு ஷாரி ஒரு தட்டு நிறையத் தொத்திறைச்சியோடு வந்தாள். பன்றி வெட்டினால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

"நீயும் சாப்பிடும்மா. காலைல வெட்டினது. இவர் வாசல்லதான் படுத்திருந்துச்சு."

"உங்க பன்னி இங்க எப்படி வந்துச்சு?"

"யார் வீட்டுப் பன்னியும் வெட்டற அன்னிக்கு இங்க வந்து படுத்துக்கும். சத்தமே போடாது. இப்பல்லாம் நாங்க கயித்தோட நேரா இங்கதான் வர்றோம்."

பாலின்ட் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "நான் ஒண்ணையும் தொடறதில்ல மேடம். எழுதிடாதீங்க, ஊர விட்டே அனுப்பிடுவாங்க."

எழுதியதை எமெஷே ஒருமுறை பார்த்தாள். அவர் போகவில்லைதான். பையை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசல் பனியில் பெரிய பன்றி ஒன்று ஒருக்களித்துப் படுத்திருந்தது.

ஷாரி எட்டிப் பார்த்தாள். "லாசி வீட்டுது. ஈஸ்டருக்குத்தானே வெட்டறதா சொன்னான்?"

 வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"டேய் லாசி, கயித்த எடுத்துட்டு வா. இன்னிக்குத்தானாம்."