மாலிவானின் மிச்சச் சில்லறை

"செத்துப்போனவங்க பேரைச் சொல்லி எப்படிக்கா கூப்பிடறீங்க?"

நிச்சா கேட்டது நோக் அக்காவின் காதில் விழாமல் இல்லை. விழாத மாதிரி மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேகாங் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் குடிநீர் அலுவலகத்துக்கு நிச்சா மாற்றலாகி வந்து நாலைந்து மாதம் இருக்கும். வந்த நாளிலிருந்து அந்த வெள்ளைக்காரத் தாத்தாவைப் பார்க்கிறாள். பிரேபன் என்று பெயர், டென்மார்க்காரர். மாதம் பிறந்தால் வருவார். பில்லையும் பணத்தையும் பணம் வாங்கும் நோக் அக்காவின் தட்டில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார்.

"குன் மாலிவான்!" என்று அக்கா மைக்கில் மரியாதை அடைமொழி சேர்த்து அழைப்பாள்.

"இருக்கேன்!"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வருவார். ரசீதை வாங்கிக்கொண்டு, மேஜை ஓரத்தில் வறுத்த வாழைப்பழப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்.

இன்றைக்கும் அப்படித்தான் போனார். அவர் தலை மறைந்ததும், வரிசையில் நின்ற மீன்காரியிடம் நிச்சா சும்மா கேட்டாள். "மாலிவான்ங்கறது அவர் சம்சாரமா? அந்தம்மா வரவே மாட்டாங்களா?"

"மாலிவானா? அது யாரு?" மீன்காரி யோசித்தாள். "ஓ, நம்ம துய்யைச் சொல்றியா! அது போய் ரெண்டு வருஷம் ஆச்சேம்மா!"

அதைக் கேட்டுத்தான் நிச்சா அக்காவிடம் பாய்ந்தாள்.

"உன் கவுண்டர்ல கூட்டம் நிக்குது பாரு," என்றாள் நோக் அக்கா.

நிச்சாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். வெளிநாட்டுக்காரர் இங்கே நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பெண்டாட்டி செத்தது தெரிந்தால் வீடு கையை விட்டுப் போகும். அதனால் அவள் பெயரை உயிரோடு வைத்திருக்கிறார். அக்காவும் அதற்கு உடந்தை. போயும் போயும் வாழைப்பழ வறுவலுக்கு விலைபோயிருக்கிறாளே!

அடுத்த மாதம், மகள் கல்யாணம் என்று அக்கா லீவு போட்டாள். அவள் நாற்காலியில் நிச்சா உட்கார்ந்தாள். பிரேபன் வந்தார். பில்லையும், வழக்கம்போல ஒரு பாத் கூடாமல் குறையாமல் பணத்தையும் வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

இன்றைக்கு மாட்டினார் மனிதர் என்று நிச்சா கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தாள்.

இணைப்பு பிரேபன் பெயரில்தான் இருந்தது. மனைவி இறந்த அதே மாதம் ஒழுங்காக மாற்றியிருந்தார்.

அவளுக்கு எரிச்சல்தான் கூடியது. அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

"குன் பிரேபன்!"

அவர் எழவில்லை. இன்னொரு முறை அழைத்தாள். முன்வரிசையில் இருந்தவர் திரும்பித் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் மெல்ல எழுந்து வந்தார்.

"நோக் வரலையா?"

"லீவு. ஏன் தாத்தா, கனெக்‌ஷன் உங்க பேர்லதானே இருக்கு? அக்கா தப்பாக் கூப்பிட்டா நீங்க சொல்லக் கூடாதா? அதுவும் இந்த வெயில்ல எதுக்கு நடந்து வர்றீங்க? பேங்க்ல ஒரு கையெழுத்துப் போட்டா அவங்களே மாசாமாசம் கட்டிடுவாங்களே!"

"பேங்க்ல நிறையக் கையெழுத்துப் போட்டுட்டேன்மா." வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். "அவ போனதும் அவ பேரை எடுக்கணும்னாங்க. போட்டேன். கரண்ட் ஆபீஸ்ல போட்டேன். வீட்டை அவ தங்கச்சிக்கு மாத்தினாங்க, அங்கேயும் போட்டேன். இங்கேயும் போட்டேன். எல்லா இடத்துலயும் அவ பேரை நானேதான் எடுத்தேன்."

வீட்டையும் கொடுத்துவிட்டாரா! நிச்சாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதுக்கு அடுத்த மாசம் நோக் பழக்கத்துல பழைய பேரையே கூப்பிட்டுட்டாங்க. உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. நான்தான் 'இருக்கேன்'னு எழுந்து வந்தேன்."

"ஏன் தாத்தா?"

"ஊருக்கெல்லாம் அவ துய். அவங்க அம்மாவுக்கும் துய், தங்கச்சிக்கும் துய். மாலிவான்னு கூப்பிட்டது நான் ஒருத்தன்தான். இப்பவும் வீட்டுல கூப்பிட்டுப் பார்ப்பேன். என் குரல்தான் எனக்குக் கேக்குது." "இன்னொருத்தர் வாயால அந்தப் பேரைக் கேக்கறது இங்க மட்டும்தான்மா."

பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "நோக் வந்தா குடுத்துடு." ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

நிச்சாவுக்கு வெட்கமாக இருந்தது. சட்டென்று மைக்கை இழுத்தாள்.

"குன் மாலிவான்!"

வாசலில் அவர் நின்றுவிட்டார். கை தானாக மேலே எழுந்தது.

"இருக்கேன்."

திரும்பி வந்தார். நிச்சா தன் கைப்பையிலிருந்து ஒரு பத்து பாத் நாணயத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"மிச்சச் சில்லறையை விட்டுட்டுப் போறீங்க பாருங்க."

சரியாக எண்ணிக் கொடுத்தது அவருக்கும் தெரியும். அவர் நாணயத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"அவகிட்ட குடுத்துடறேன்," என்றார்.