மதிப்பீட்டில் ஒரு வார்த்தை

ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் டைப்பிஸ்டைப் பற்றிக் கொட்டை எழுத்தில் ‘பெர்செப்டிவ்’ என்று எழுதியிருந்தார்; அந்த ஆங்கில வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. வேலைக்கே உலை வைத்துவிட்டாரோ என்று பயந்து, நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், இது திட்டா, பாராட்டா?”

“பாராட்டுதாம்மா! அடுத்தவங்க சொல்லாமலே அவங்க கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிறவங்களை அப்படிச் சொல்வாங்க. என் கண்ணு மங்கினதைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீயா கவனிச்சு, மூணு மாசமா எல்லாக் கடிதத்தையும் பெரிய எழுத்துல அடிச்சுத் தர்றே. உன் புண்ணியத்துலதான் என் வண்டி ஓடுது.”

அவள் தலை குனிந்தது.

“மன்னிச்சிருங்க சார். எனக்குத்தான் சின்ன எழுத்து தெரியல. சொன்னா வேலை போயிடுமேன்னு மறைச்சேன்.”

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நானும் அதுக்குத்தாம்மா மறைச்சேன்! கண் டாக்டருக்குப் போன் போட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்தே நேரம் வாங்கு.”