கால் விரிந்த குஞ்சு
சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கணவர் நாற்காலியில் சாய்கிறார். அட்டைப்பெட்டிக்கு மேலே பல்பு எரிகிறது; அதன் மஞ்சள் வெளிச்சத்தில் நேற்று முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்துகின்றன. கால்கள் விரிந்துபோய் நிற்க முடியாமல் கிடந்த குஞ்சை மட்டும் காணோம். மனைவி மரத்தூளைக் கிளறுகிறாள். குப்பைக்கூடையையும் எட்டிப் பார்க்கிறாள். தேறாத குஞ்சின் கழுத்தைத் திருகிப் போட்டுவிடுவது கோழிப்பண்ணை வேலையில் அவருக்குப் பழகிப்போனது. “எங்கங்க அது?” “எது?” “ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. கொன்னுட்டீங்களா?” “ஆமா, வறுத்துத் தின்னுட்டேன். போடி.” அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. கண்கள் மூடியிருக்கின்றன, கை சட்டைப்பையை மூடியிருக்கிறது. மாட்டிக்கொண்டால் தூங்குவதுபோல் கிடப்பார், அவளுக்குத் தெரியாதா? “இந்த நடிப்பெல்லாம் என்கிட்ட வேணாம்” என்று தோளை உலுக்குகிறாள். தலை ஒரு பக்கமாகச் சரிகிறது. மூக்கருகே விரலை வைக்கிறாள். மூச்சு இல்லை. அவர் கைக்குக் கீழே ஏதோ அசைகிறது. கையை விலக்குகிறாள். விரிந்த கால்கள் சேர்ந்து நிற்கும்படி நூல் கட்டிய அந்தக் குஞ்சு, பையிலிருந்து தலையை நீட்டிக் கத்துகிறது. அதை எடுக்கப்போன விரல்களை அவள் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். பை இன்னும் கதகதப்பாகவே இருக்கிறது.