புது பேட்டரி

கல்யாணப் பந்தலின் துணி வழியே வடிகிற மஞ்சள் வெயில் தியானாவின் வெற்று முதுகில் விழுகிறது. எங்கள் குழுவுக்கு வந்து மூன்று வாரமே ஆன பாடகி. என் கணவன் ஸ்லாவ்கோ முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள் பின்னால் மண்டியிட்டு, காது மைக்கிலிருந்து இடுப்புப் பெட்டிக்கு இறங்கும் ஒயரை அவள் பிடரியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறான். "கூசுது அண்ணே!" வாய்தான் அண்ணே என்கிறது. மைக் பெட்டியில் வியர்வை இறங்காமலிருக்க ஆணுறை மாட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அதை அவன் பல்லால் பிரிக்கும்போது அவள் குலுங்கிச் சிரிக்கிறாள். பதினோரு வருஷமாக இங்கே அக்கார்டியன் வாசிக்கிறேன். என் மைக் பெட்டிக்கு ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைதான், அதையும் நானேதான் சுற்றிக்கொள்கிறேன். "வேஸ்னா, புது பேட்டரி ரெண்டு குடு," என்று திரும்பாமலே கையை நீட்டுகிறான். நேற்றைய கல்யாணத்தில் தீர்ந்துபோன இரண்டை அந்த உள்ளங்கையில் வைக்கிறேன். அவள் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. கம்பியில் சுழலும் பன்றியின் கொழுப்பு நெருப்பில் சடசடக்கிறது; பெண்ணை அழைத்துவரும் கார்களின் ஹாரன் தெருமுனை வரை வந்துவிட்டது. "சே, இதுவும் செத்துப்போச்சா?" அவன் எழுந்து வருகிறான். என் இடுப்புப் பெட்டியைத் திறந்து, நான் காலையில் போட்ட புது பேட்டரிகளை உருவிக்கொள்கிறான். "உனக்கென்னடி, மைக் இல்லாமலே பத்து ஊருக்குக் கேக்கும்." அவற்றைப் போட்டதும் அவள் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. இந்தக் கோடையில் அவன் விரல் என் இடுப்பில் பட்டது இதுதான் முதல் தடவை.