செம்பருத்திக்குள் ஒரு குரல்

பரிசோதனைக் கூடத்துப் பெண் இலையைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முத்தின இலை மேடம். செம்பருத்தி வேற, அரைச்சா கொழகொழன்னு வரும். டி.என்.ஏ. சுத்தமா பிரியாது. தளிர் இல்லையா?"

பின்னால் நின்ற தயாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாவுப்பூச்சி வந்து தளிரெல்லாம் கருகிடுச்சு, இனிமே துளிர்க்காதுன்னு அப்பா சொன்னாரு," என்றாள் மகள் இதழினி. செத்துப்போன அம்மா அந்தச் செடியின் டி.என்.ஏ.வுக்குள் தன் குரலை எழுதிவைத்தது அவளுக்காகத்தான்; முதல் குழந்தை பிறந்ததும் கேட்கச் சொல்லியிருந்தாள். ஒரு தளிரை அரைத்தால் ஒரு முறை கேட்கலாம். படியெடுக்க, குரலை எழுதித்தந்த நிறுவனம் விடாது.

"பூச்சியா? சார்தான் வாராவாரம் தளிர் கொண்டாந்து கேட்டுட்டுப் போவாரே!"

இதழினி தூங்கும் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அரைத்து, வடித்து, பஞ்சுபோல் திரண்டு வந்ததை இயந்திரத்தில் இட்டார்கள். வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரே ஒரு வரி: "ஏங்க, பால் பொங்குது பாருங்க."

மகளுக்காகப் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் அவரைக் கூப்பிட்ட இடம் அது. அதைக் கேட்கத்தான் தயாளன் செடியையே மொட்டையடித்திருந்தார்.

"எனக்குன்னு பேசினதை நீங்களாவது சொல்லுங்கப்பா. அத்தனை தடவை கேட்டீங்களே."

தயாளன் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த 'ஏங்க' எப்போது வரும் என்றுதான் அவர் காத்துக்கொண்டிருந்தார்.