இரண்டு சுற்று

ஏடிவி நாலாவது தடவையும் இருமிவிட்டு நின்றுபோனது.

"ஆக்சிலேட்டர விட்டா அணைஞ்சிடுது, ஐடில் நிக்க மாட்டேங்குதே அண்ணே" என்றான் வேலு. அந்த நாலு சக்கரக் குட்டி வண்டியை வாங்கிப்போகப் பொந்தியானிலிருந்து வந்திருந்தான். அங்கே சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். மகளுக்கு எட்டு வயதாம். பள்ளி விடுமுறைக்கு வண்டி வேண்டுமென்று உயிரை வாங்குகிறாளாம்.

வண்டியை விற்கிற ரூபேந்திரனுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். எஞ்சின் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது.

"எஞ்சின் இன்னும் சூடாகலப்பா. ஒம்பது வருஷமா யாரும் ஓட்டல. மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி உடனே நிப்பாட்டிடுவேன்" என்றார்.

ஏன் ஓட்டவில்லை என்று வேலு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஊருக்கே சொன்ன கதைதானே.

மகள் லோஷினிக்கு அப்போது பத்து வயது. இதே உலு திராம் வீட்டு வாசலில், இதே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா பிரேமலா முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். வண்டி போய் அவளைத் தூணோடு வைத்து நசுக்கியது. இடது முட்டி போனது போனதுதான். இன்றைக்கும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.

"நான் ஆக்சிலேட்டர அழுத்தலப்பா, அதுவா போச்சு" என்று அழுதாள் பிள்ளை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, நாலு பேர் பார்க்க, அவளை அறைந்தார். வண்டிக்கென்ன பேயா பிடித்திருக்கிறது, தானாகப் போக? பெற்றவளை இப்படிப் பண்ணிவிட்டுப் பொய் வேறா? மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள், "ஆமாப்பா, நான்தான் அழுத்தினேன்" என்றாள்.

அப்பாடா, ஒருவழியாக உண்மை வந்தது என்று அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது லோஷினி ஸ்கூடாயில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுவாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஊர் சுற்றப் போகும்போது இவள் அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. இந்த நேரத்திலும் உள்ளே அதுதான் நடந்துகொண்டிருந்தது.

வேலு விடுவதாக இல்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தான். கைப்பிடியில் இருந்த ஆக்சிலேட்டரைக் கட்டை விரலால் லேசாக அழுத்திப் பிடித்து, அணையாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டான். பிறகு விரலை எடுத்தான்.

எஞ்சின் அணையவில்லை. அதற்குப் பதில் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

வேலு முகத்தைச் சுளித்தான். பக்கத்தில் நின்றபடியே பிரேக்கைப் பிடித்துக் கியரைப் போட்டான். பிரேக்கை விட்டான்.

வண்டியில் ஆள் இல்லை. ஆக்சிலேட்டரில் விரல் இல்லை. வண்டி நேராகக் கேட்டைப் பார்த்துக் கிளம்பியது.

"அலமாக்!" எட்டிப் பிடித்து எஞ்சினை அணைத்துவிட்டு வேலு குனிந்து பார்த்தான். "யாருண்ணே இந்த ஐடில் ஸ்குரூவ இவ்ளோ உள்ள திருகினது? கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் அடைச்சிருக்கு லா. அதக் கழட்டிக் கழுவணும். அத விட்டுட்டு ஸ்குரூவத் திருகினா, எஞ்சின் சூடானதும் வண்டி தன்னால போகும். சின்னப் பிள்ளைங்க உக்கார்ற வண்டி! எவனோ அரைகுறை பார்த்த வேலை."

அந்த அரைகுறை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், வேர்த்து விறுவிறுத்துப்போய்.

விபத்து நடந்த அன்று காலையிலும் வண்டி இப்படித்தான் அணைந்து அணைந்து போனது. லோஷினி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "சீக்கிரம்பா, சீக்கிரம்பா" என்று குதித்துக்கொண்டிருந்தாள். ஜெட்டைக் கழற்றினால் ஒரு மணி நேரம் போகும். ஸ்குரூ கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. இரண்டு சுற்று. அவ்வளவுதான், எஞ்சின் அணையாமல் ஓடியது. "அப்பான்னா அப்பாதான்" என்றாள் பிள்ளை.

ஐயோ, அந்தப் பிள்ளையையா அடித்தேன்.

கருவி எடுக்க வேலு தன் லாரிக்குப் போனான். லோஷினி இரண்டு பேருக்கும் தட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

சொல்லாமலே விட்டுவிடலாம். வண்டி இன்றைக்குப் பொந்தியான் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியொரு நினைப்பு வந்ததற்கே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"லோஷி, அன்னிக்கு நீ அழுத்தலம்மா. நான் ஸ்குரூவத் திருகி வச்சதுல வண்டி தானா போயிருக்கு. தப்பு என்னுது. நீ சொன்னதுதான் உண்மை."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

"எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா. நான்தான் அழுத்தினேன். நல்லா ஞாபகம் இருக்கு. முழுசா அழுத்தினதும் முன்சக்கரம் ரெண்டும் மேல தூக்குச்சு. அம்மா திரும்பிப் பார்த்துக் கத்தினாங்க. எதையும் நான் மறக்கலப்பா."

அம்மா காத்திருப்பாள் என்று உள்ளே போய்விட்டாள்.

சக்கரம் தூக்கியதும், பிரேமலா திரும்பிக் கத்தியதும், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் ரூபேந்திரன் சொன்னது. ஆளுக்கு ஆள் சொல்லச் சொல்ல அவராகச் சேர்த்துக்கொண்டது.

வண்டி கிளம்பியபோது அவர் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.